டெல் பியரோ முதல் மெஸ்ஸி வரை: நட்சத்திரம் வந்தால் லீக் மேல் நம்பிக்கை வந்துவிடுமா?

கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். மூன்று தேதிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

2014 அக்டோபர் 12. இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐஎஸ்எல், இங்கேதான் தொடங்கியது. அட்லெட்டிகோ டி கொல்கத்தா 3-0 என்று மும்பை சிட்டியை வீழ்த்தியது. 2025 ஏப்ரல் 12. அதே மைதானத்தில் ஐஎஸ்எல் இறுதிப்போட்டி. நம்ம பெங்களூரு எஃப்சி முதலில் முன்னிலை பெற்றும், கூடுதல் நேரத்தில் மோகன் பகானிடம் 1-2 எனத் தோற்றது. 2025 டிசம்பர் 13. லியோனல் மெஸ்ஸி வந்தார். சுமார் 20 நிமிடம் இருந்தார். அவரைச் சுற்றி அரசியல்வாதிகளும் விஐபிகளும் சூழ்ந்து நின்றதில், ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்கு அவர் முகமே தெரியவில்லை. பாட்டில் பறந்தது, நாற்காலிகள் பிய்த்து எறியப்பட்டன. முதல்வர் மம்தா பானர்ஜி மன்னிப்புக் கேட்டு, விசாரணைக் குழுவும் அமைக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கலவரத்தை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீங்க. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு தேதி டிசம்பர் 8. மெஸ்ஸி வருவதற்கு ஐந்து நாள் முன்பு, ஐஎஸ்எல்-லை நடத்துவதற்கான 15 ஆண்டு ஒப்பந்தம் காலாவதியானது. ஆக, உலகத்தின் மிகப் பெரிய கால்பந்து நட்சத்திரம் இந்தியாவில் கால் வைத்த நாளில், இந்தியாவின் முதல்நிலை கால்பந்து லீக்குக்கு நடத்துநரும் கிடையாது, தொடக்கத் தேதியும் கிடையாது.

பதினோரு வருஷமாக நட்சத்திரங்களைக் கூட்டி வந்த ஒரு லீக் இந்த நிலைக்கு எப்படி வந்தது? நட்சத்திர வீரர்கள் ஒரு புது லீக்குக்கு என்ன கொடுக்கிறார்கள், எதைக் கொடுக்க முடியாது? பெங்களூரில் உட்கார்ந்து இதை எழுதுவதால், நட்சத்திரமே இல்லாமல் தொடங்கிய ஒரு கிளப்பின் கதையையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கு.

எட்டுப் பெயர்கள், சராசரி வயது 37.6

முதல் சீசனில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு 'மார்க்கீ' வீரர் கட்டாயம். மார்க்கீ என்றால் போஸ்டரில் முகம் வருகிற வீரர் என்று வைத்துக்கொள்ளலாம். டெல்லி டைனமோஸுக்கு இத்தாலியின் அலெசாண்ட்ரோ டெல் பியரோ. எஃப்சி கோவாவுக்கு பிரான்ஸின் ராபர்ட் பிரெஸ். மும்பைக்கு ஸ்வீடனின் ஃப்ரெடி லியூங்பெர்க். புனேவுக்கு டேவிட் த்ரெசெகே. கொல்கத்தாவுக்கு லூயிஸ் கார்சியா. கேரளா பிளாஸ்டர்ஸுக்கு கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ். நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்கு ஜோன் காப்டேவிலா. நம்ம சென்னையின் எஃப்சிக்கு பிரேசிலின் எலானோ.

பெயரைப் பார்த்தால் சும்மா இல்லை. உலகக் கோப்பை ஜெயித்தவர்கள் மட்டுமே நாலு பேர். ஆனால் பிறந்த தேதிகளை ஒரு ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். தொடக்க நாளன்று டேவிட் ஜேம்ஸுக்கு 44, பிரெஸுக்கு 40, டெல் பியரோவுக்கு 39. எட்டுப் பேரில் இளையவரான எலானோவுக்கு 33. சராசரி 37.6.

வயதை வைத்து யாரையும் மட்டம் தட்ட வரவில்லை. அந்தப் பக்கம் பின்னால் வருகிறேன். மைதானத்தில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. டெல் பியரோ 10 ஆட்டங்களில் ஒரு கோல். பிரெஸ் ஒன்று, த்ரெசெகே இரண்டு, கார்சியா இரண்டு. லியூங்பெர்க் கோல் போடாமலேயே திரும்பினார். எலானோ மட்டும் 8 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கினார். முன்களத்திலும் நடுக்களத்திலும் ஆடிய ஆறு மார்க்கீகளும் சேர்ந்து அடித்த 14 கோல்களில் பாதிக்கு மேல் ஒருத்தருடையது. அவரும் அந்தப் பட்டியலிலேயே குறைவாகப் பேசப்பட்ட பெயர்களில் ஒன்று.

இறுதிப்போட்டி டிசம்பர் 20-ல். கூடுதல் நிமிடத்தில் ஒரே கோல், கொல்கத்தாவுக்குக் கோப்பை. அடித்தவர் மாற்று வீரராக இறங்கிய முகமது ரஃபீக். வங்காளத்துப் பையன். போஸ்டரில் அவர் முகம் கிடையாது.

அடுத்த வருஷமும் இதே கதைதான். 2015 தொடக்க ஆட்டம் சென்னை நேரு ஸ்டேடியத்தில். போர்ச்சுகலின் ஹெல்டர் போஸ்டிகா கொல்கத்தாவுக்காக இரண்டு கோல் அடித்தார், காயம்பட்டார், அந்த சீசனில் அதோடு சரி. அதே சீசனில் சென்னைக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தது, அதுவரை இங்கே யாருக்கும் பெரிதாகத் தெரியாத கொலம்பியப் பையன் ஸ்டீவன் மெண்டோசா. 13 கோல், அதில் ஒன்று இறுதிப்போட்டியின் கடைசி நிமிட வெற்றி கோல். 2016-ல் புனேவின் மார்க்கீயாக அறிவிக்கப்பட்ட ஐஸ்லாந்தின் ஐடர் குட்யோன்சென் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

அப்போ அவங்க வந்தது வீணா?

இல்லை. இங்கே கொஞ்சம் நியாயமாக இருக்கணும். 2014-க்கு முன்னால் ஐ-லீக் ஆட்டம் எத்தனை மணிக்கு, எந்த சேனலில் என்று கேட்டால் கால்பந்து ரசிகருக்கே பதில் தெரியாது. ஐஎஸ்எல் அதை இரவு ஏழு மணிக்கு, பிரைம் டைமில், தமிழ் உட்படப் பல மொழி வர்ணனையோடு கொண்டுவந்தது. முதல் சீசனிலேயே சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு 20,000 பேருக்கு மேல் நேரில் வந்தார்கள். "டெல் பியரோ ஆடுறாரா? சரி, போய்ப் பார்ப்போம்" என்று வந்த கூட்டத்தில் ஒரு பகுதி அப்புறம் கொச்சியிலும் கோவாவிலும் சென்னையிலும் நிலையான ரசிகர் கூட்டமாக மாறியது.

ஆக, நட்சத்திரம் கவனத்தை வாங்கிக் கொடுத்தது. கவனமும் நம்பகத்தன்மையும் ஒன்றா என்பதுதான் பிரச்சினை.

பெங்களூரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒரு ஸ்டார்ட்அப் பெரிய சினிமா நடிகரை பிராண்ட் அம்பாசிடராகப் போட்டால் நாம் அந்த ஆப்பை டவுன்லோட் பண்ணுவோம். அதே கம்பெனியில் வேலைக்குச் சேரும்போது வேறு கேள்வி கேட்போம். சம்பளம் ஒண்ணாம் தேதி வருதா? இன்னும் எத்தனை மாசத்துக்குக் கையில் பணம் இருக்கு? லீக்குக்கும் அதேதான். பார்க்கிறவருக்கு ஒரு ராத்திரி நம்பிக்கை போதும். அங்கே வேலை செய்கிற வீரருக்கும் பிசியோவுக்கும் கிட் மேனேஜருக்கும் பத்து வருஷ நம்பிக்கை வேண்டும். 17 வயது மகனை கல்லூரிக்கு அனுப்புவதா அகாடமிக்கு அனுப்புவதா என்று யோசிக்கிற அம்மாவுக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

அந்தக் கணக்கில் பார்த்தால், 2014-ன் எட்டு மேடைகளில் மூன்று இன்றைக்கு அதே வடிவில் இல்லை. டெல் பியரோ ஆடிய டெல்லி டைனமோஸ் 2019-ல் புவனேஸ்வருக்கு மாறி ஒடிஷா எஃப்சி ஆனது. த்ரெசெகே ஆடிய எஃப்சி புனே சிட்டி அதே ஆண்டில் மூடப்பட்டு, அந்த இடம் ஹைதராபாத் எஃப்சிக்குப் போனது. கார்சியா ஆடிய அட்லெட்டிகோ டி கொல்கத்தா 2020-ல் மோகன் பகானோடு இணைந்து, 2023-ல் பெயரில் ஒட்டியிருந்த 'ஏடிகே'-யும் போய்விட்டது. ஒரு பையன் 2014-ல் புனே ஜெர்சி வாங்கியிருந்தால், ஐந்தே வருஷத்தில் ஆதரிக்க அணி இல்லாமல் நின்றிருப்பான்.

2018 ஜூன் மாதத்தை நிறையப் பேர் மறந்திருப்பீங்க. நாலு சீசன் நட்சத்திர மழைக்குப் பிறகு, மும்பையில் சீன தைபேயுடன் இந்திய அணி ஆடியபோது நேரில் வந்தவர்கள் சுமார் 2,500 பேர். சுனில் சேத்ரி ஹாட்ரிக் அடித்தார், இந்தியா 5-0 ஜெயித்தது. பிறகு அவர் ஒரு வீடியோவில், எங்களைத் திட்டவாவது மைதானத்துக்கு வாங்க என்று கெஞ்ச வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அடுத்த ஆட்டம் ஹவுஸ்ஃபுல். பெயருக்கு வருகிற கூட்டம் பெயர் இல்லாதபோது வராது என்பதை அந்த 2,500 அப்பட்டமாகக் காட்டியது.

கன்டீரவா வழி

அல்சூர் பக்கம் கௌதமபுரத்துக்குப் போயிருக்கீங்களா? தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த, தெருவுக்குத் தெரு கால்பந்து ஆடுகிற பகுதி. அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் ஒரு சிலை இருக்கு. பக்கத்தில் மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் என்று கன்டோன்மென்ட் பகுதி முழுக்க இந்த மரபு உண்டு. 1937-ல் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ்தான். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோலை 1948-ல் லண்டனில் பிரான்ஸுக்கு எதிராக அடித்த சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். அப்புறம் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. மாதிரி பொதுத்துறை அணிகள். அந்த அணிகளில் நட்சத்திரமும் இல்லை, பெரிய பணமும் இல்லை. நிரந்தர வேலை இருந்தது. அந்தக் காலத்துப் பையனின் வீட்டுக்கு அதுதான் நம்பகத்தன்மை. காலில் அடிபட்டாலும் தொழிற்சாலையில் நாற்காலி காத்திருக்கும்.

அந்த அணிகள் மங்கிய பிறகு, 2013-ல் ஜேஎஸ்டபிள்யூ குழுமம் பெங்களூரு எஃப்சியைத் தொடங்கியது. பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட். வெளிநாட்டு வீரர்கள் ஜான் ஜான்சன், கர்டிஸ் ஒசானோ, ஷான் ரூனி. இந்தப் பெயர்களை முன்பு கேள்விப்பட்டிருந்தீங்கன்னா நீங்க ரொம்பத் தீவிர ரசிகர். இருந்த ஒரே பெரிய பெயர் சேத்ரி, அவரும் இந்தியர். முதல் ஆட்டம் அசோக் நகர் கால்பந்து மைதானத்தில், மோகன் பகானுடன் 1-1. முதல் சீசனிலேயே ஐ-லீக் கோப்பை. 2015-16-ல் மறுபடியும்.

2016 அக்டோபரில் கன்டீரவாவில் நடந்தது இந்திய கிளப் கால்பந்தின் பெரிய ராத்திரிகளில் ஒன்று. ஏஎஃப்சி கோப்பை அரையிறுதி. எதிரணி நடப்பு சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் தாருல் தக்சிம். பெங்களூரு 3-1 ஜெயித்தது. ஆசிய கிளப் போட்டி ஒன்றில் ஏஎஃப்சி கோப்பையின் இறுதிக்குப் போன முதல் இந்திய அணி ஆனது. தோஹாவில் ஈராக்கின் அல்-குவா அல்-ஜவியாவிடம் 0-1 தோற்றது வேறு விஷயம். 2017-ல் ஐஎஸ்எல்-லுக்குள் வந்தது, 2018-19-ல் அங்கேயும் சாம்பியன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஐஎஸ்எல் தொடங்கி மூன்று வருஷம் வரை அதற்கு ஆசியப் போட்டிகளில் இடமே கிடையாது. அது ஐ-லீக் சாம்பியனுக்குத்தான். அதாவது டெல் பியரோ ஆடிய லீக்கில் ஜெயித்தால் ஆசியாவுக்குப் போக முடியாது, ஜான் ஜான்சன் ஆடிய லீக்கில் ஜெயித்தால் போகலாம். 2017-ல் பெங்களூரு எஃப்சி உள்ளே வந்த அதே நேரத்தில்தான் ஐஎஸ்எல்-லுக்கு ஏஎஃப்சி அங்கீகாரம் வந்தது. மார்க்கீ கட்டாயமும் அப்போதுதான் போனது. களத்தில் குறைந்தது ஆறு இந்தியர்கள் என்ற விதியும் அப்போதே. 2021-22-ல் அது ஏழானது. லீக் நம்பகமானதாக மாறியதன் உண்மையான அடையாளங்கள் இவைதான் என்பது என் கருத்து. இதில் ஒன்றுக்குக்கூட விமான நிலையத்தில் மாலை போடவில்லை.

சிவகங்கை மாவட்டத்திலிருந்து வந்த சிவசக்தி நாராயணன் இந்த வழியின் பலன். பெங்களூரு எஃப்சியின் பி டீமில் ஆடி, 2022-23-ல் முதல் அணியில் சேத்ரியையே பெஞ்சில் உட்கார வைத்து ஆடினார். அந்த வருஷத்தின் வளரும் வீரர் விருதும் அவருக்குத்தான்.

பெலே, ஜிகோ, பெக்காம், ஆஸ்கர்

கௌதமபுரத்தில் சிலையாக நிற்கிற பெலேதான் இந்த விவாதத்தின் முதல் பாடமும். 1975-ல் அவர் நியூயார்க் காஸ்மோஸ் அணிக்குப் போனார். முதல் ஆட்டம் டிவியில் வருகிறது என்பதற்காக, புல் இல்லாத இடங்களில் பச்சை பெயின்ட் அடித்தார்கள். இது கதை இல்லை, நிஜமாக நடந்தது. 1977 ஆகஸ்ட்டில் காஸ்மோஸ் ஆட்டம் ஒன்றுக்கு 77,691 பேர் வந்தார்கள். அடுத்த மாதமே பெலே கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகானுக்கு எதிராக ஆடினார், 2-2. கூட்டத்தைப் பார்த்து மற்ற முதலாளிகளும் அமெரிக்க லீக்குக்குள் குதித்தார்கள். 24 அணிகள் வரை போனது. எல்லாரும் காஸ்மோஸ் மாதிரி செலவு செய்தார்கள், காஸ்மோஸ் மாதிரி யாருக்கும் கூட்டம் வரவில்லை. 1984 சீசனோடு அந்த லீக்கே மூடப்பட்டது.

அதே நாட்டில் இரண்டாவது முயற்சியான எம்எல்எஸ் 1996-ல் தொடங்கியது. சம்பள உச்சவரம்பு போட்டார்கள், 1999-ல் கொலம்பஸில் கால்பந்துக்கென்றே ஒரு மைதானம் கட்டினார்கள், நஷ்டத்தில் இரண்டு அணிகளை மூடவும் செய்தார்கள். டேவிட் பெக்காம் வந்தது 2007-ல், பன்னிரண்டாவது சீசனில். அப்போது 13 அணிகள், இன்று 30. மெஸ்ஸி மயாமிக்கு வந்தது அதற்கும் 16 வருஷம் கழித்து.

சீனா நேரெதிர். 2017 தொடக்கத்தில் ஷாங்காய் அணி பிரேசிலின் ஆஸ்கருக்கு 6 கோடி பவுண்ட் கொடுத்தது. அவர் அப்போது 25 வயது, உச்சத்தில் இருந்த வீரர். வயதான நட்சத்திரம்தான் பிரச்சினை என்ற வாதம் இங்கே அடிபடுகிறது. பணம் ரியல் எஸ்டேட்காரர்களிடமிருந்து வந்தது, ரியல் எஸ்டேட் சரிந்ததும் நின்றது. 2020-ல் சாம்பியனான ஜியாங்சு அணி, கோப்பை தூக்கி நாலே மாதத்தில் 2021 பிப்ரவரியில் செயல்பாட்டை நிறுத்தியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஜப்பான், காரணம் அவர்களும் நம்மைப் போலவே ஆரம்பித்தார்கள். 1993-ல் ஜே.லீக் தொடங்கியபோது ஜிகோ, கேரி லினேக்கர் என்று மூத்த நட்சத்திரங்கள். 1994-ல் ஒரு ஆட்டத்துக்குச் சராசரி கூட்டம் 19,598. புதுமை தீர்ந்ததும் 1997-ல் 10,131 ஆக, கிட்டத்தட்டப் பாதியாக விழுந்தது. யோகோஹாமா ஃப்ளூகல்ஸ் என்ற அணியே காணாமல் போய் இன்னொரு அணியோடு இணைக்கப்பட்டது. அந்த அடிக்குப் பிறகு அவர்கள் அதைவிடப் பெரிய நட்சத்திரத்தைத் தேடிப் போகவில்லை. 1999-ல் இரண்டாம் டிவிஷன் தொடங்கினார்கள், கிளப்களின் வரவு செலவைக் கண்காணித்தார்கள், உள்ளூராட்சியோடு மைதானங்களைக் கட்டினார்கள்.

ஜிகோவைப் பற்றி ஒரு வரி கூடுதலாக. அவர் 1991-ல் ஜப்பான் போனபோது வயது 38, டெல் பியரோவை விட ஒன்றுதான் குறைவு. அப்போது ஜே.லீக்கே தொடங்கவில்லை. கஷிமா என்ற சின்ன ஊரில், இரண்டாம் நிலையில் ஆடிய ஒரு தொழிற்சாலை அணியில் சேர்ந்தார். ஓய்வுக்குப் பிறகும் அதே கிளப்பின் ஆலோசகராக இருந்தார், பிறகு ஜப்பான் தேசிய அணிக்கே பயிற்சியாளர் ஆனார். டெல் பியரோவின் ஐஎஸ்எல் சீசன் மொத்தமே 70 நாள். வயது கிட்டத்தட்ட ஒன்றுதான், தங்கிய காலம்தான் வேறு.

சம்பளத் தேதி

இப்போது 2025-க்கு வருவோம், காரணம் இங்கேதான் பெங்களூரு கதையும் சிக்கலாகிறது.

அகில இந்திய கால்பந்து சம்மேளனம், ஏஐஎஃப்எஃப், 2010 டிசம்பரில் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு ₹700 கோடிக்கு ஐஎம்ஜி-ரிலையன்ஸிடம் கொடுத்தது. ஐஎஸ்எல்-லை நடத்திய எஃப்எஸ்டிஎல் நிறுவனம் அதில் பிறந்ததுதான். முடியும் தேதி 2025 டிசம்பர் என்பது 15 வருஷமாக எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஏஐஎஃப்எஃப் விதிமுறைகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததால் புது ஒப்பந்தம் போட முடியவில்லை. ஜூலை 11-ல் எஃப்எஸ்டிஎல், சீசனை நிறுத்தி வைப்பதாகச் சொல்லிவிட்டது.

ஆகஸ்ட் 4-ல் பெங்களூரு எஃப்சி முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. இளையோர் அணிகளும் கால்பந்துப் பள்ளிகளும் பாதிக்கப்படாது என்று சேர்த்துச் சொன்னது. சில நாளில் சென்னையின் எஃப்சியும் செயல்பாட்டை நிறுத்தியது. மோசமாக நடத்தப்பட்ட கிளப் ஒன்று சம்பளம் தராமல் போவது இங்கே புதுசில்லை. 2021-22 சாம்பியனான ஹைதராபாத், இரண்டே வருஷத்தில் சம்பள பாக்கியால் ஃபிஃபாவின் தடை வாங்கியது, வெளிநாட்டு வீரர்கள் சீசன் நடுவில் கிளம்பிப் போனார்கள், கடைசியில் அந்தக் கிளப்பே டெல்லிக்கு மாறிவிட்டது. பெங்களூரு அப்படிப்பட்ட கிளப் இல்லை. நாலு மாதம் முன்புதான் இறுதிப்போட்டி ஆடிய அணி. அந்த சீசனில் 40 வயது சேத்ரி 14 கோல் அடித்திருந்தார். கிளப் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், அது நிற்கிற தரை வேறு ஒருத்தர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. நட்சத்திரம் இல்லாத வழிதான் சரி என்று பெங்களூரைக் காட்டிப் பேசுகிறவர்களில் நானும் ஒருத்தன். ஆகஸ்ட் 4 எனக்கும் ஒரு திருத்தம்தான்.

செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அக்டோபரில் டெண்டர் விட்டார்கள். வருஷத்துக்குக் குறைந்தபட்சம் ₹37.5 கோடி, அல்லது வருவாயில் 5 சதவீதம், எது அதிகமோ அது. கெடு நவம்பர் 7. வந்த விண்ணப்பங்கள்: பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தில் ஒரு நிமிடம் நிற்கணும். டெல் பியரோ, பிரெஸ், ராபர்ட்டோ கார்லோஸ், டியகோ ஃபோர்லான், ராபி கீன், பெர்படோவ் எல்லாரும் வந்துபோன லீக். பதினோரு சீசன் டிவியில் ஓடிய லீக். அதை நடத்த ஒருவரும் முன்வரவில்லை. டிசம்பரில் மும்பை சிட்டியிலிருந்து சிட்டி ஃபுட்பால் குரூப்பும் வெளியேறியது. மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர்கள் 2019-ல் 65 சதவீதப் பங்கு வாங்கியபோது, எந்த வீரரின் வரவையும்விடப் பெரிய சான்றிதழாக அதைக் கொண்டாடினோம். முதலீட்டாளரும் ஒரு வகை நட்சத்திரம்தான் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

களத்தில் இதன் விலை? ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 2015 மார்ச்சில் 173, 2017 ஜூலையில் 96, 2025 நவம்பரில் 142. ஒரு சின்ன எச்சரிக்கை: ஏறியதை ஐஎஸ்எல் கணக்கிலும், இறங்கியதை ஐஎஸ்எல் கணக்கிலும் எழுதுவது இரண்டுமே சோம்பேறித்தனம். தேசிய அணியின் எதிரிகள், பயிற்சியாளர்கள், ஆட்ட அட்டவணை எல்லாம் அதில் கலந்திருக்கு. ஆனால் மாதக்கணக்கில் கிளப் ஆட்டமே இல்லாத வீரர்களோடு, அக்டோபரில் மார்கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பைத் தொலைத்ததும், நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்றதும் தற்செயல் என்று சொல்ல முடியாது.

அப்போ நட்சத்திரமே வேண்டாமா?

வேண்டும். எப்படிப்பட்டவர் என்பதுதான் விஷயம். ஏப்ரல் 12 இறுதிப்போட்டியில் பெங்களூரைத் தோற்கடித்த கோலை அடித்த ஜேமி மக்லாரன், ஆஸ்திரேலிய ஏ-லீக் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர். வயது 31, ஆடுவதற்காக வந்தவர். அதே சீசனில் நார்த்ஈஸ்டின் மொராக்கோ வீரர் அலாவுதீன் அஜரை 23 கோல் அடித்து ஐஎஸ்எல் சாதனை படைத்தார். அவர் வந்தபோது எந்தச் சேனலும் நேரலை போடவில்லை. பக்கத்தில் ஆடுகிற இந்திய வீரருக்கு இந்த மாதிரி ஆட்கள் மூன்று வருஷம் பாடம் எடுக்கிறார்கள். இவர்களை வாங்கவும் பணம் வேண்டும், ஆனால் அந்தப் பணம் கோலாகத் திரும்பி வருகிறது.

ஆகவே அடுத்த முறை "இந்தியாவுக்கு வருகிறார்" என்ற நோட்டிஃபிகேஷன் வந்தால், ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்று முதலில் பாருங்க. கட்டுவது கிளப்பா, லீக்கா, ஒரு ஈவென்ட் கம்பெனியா என்று பாருங்க. அந்த கிளப் கடந்த வருஷம் சம்பள பாக்கி வைத்ததா என்று தேடுங்க. ஃபிஃபா தடைப்பட்டியல் பொதுவெளியில்தான் இருக்கு.

ரொனால்டோ கதையும் நினைவிருக்கட்டும். சவுதியின் அல் நாஸ்ர், ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் டூ-வில் எஃப்சி கோவாவோடு ஒரே பிரிவில் விழுந்தபோது ஊரே பரபரத்தது. 2025 அக்டோபர் 22-ல் மார்கோவா ஃபடோர்டா மைதானத்துக்கு அணி வந்தது, கிறிஸ்டியானோ வரவில்லை. கோவா 1-2 தோற்றது. அந்த ஒரு கோல் கோவாவிலேயே வளர்ந்த பிரைசன் பெர்னாண்டஸ் அடித்தது. ஐஎஸ்எல் நடக்குமா என்றே தெரியாத ஒரு சீசனில், ஓமனின் அல் சீப் அணியை வீழ்த்தி, தகுதி பெற்று வந்து கோவா ஆடிய ஆட்டம் அது.

ஒருவழியாக 2026 ஜனவரி 6-ல், ஐஎஸ்எல் பிப்ரவரி 14-ல் தொடங்கும் என்று மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார். 14 அணிகள், சொந்த ஊர்-வெளியூர் என்ற இரட்டைச் சுற்று இல்லாமல் ஒரே சுற்று, மொத்தம் 91 ஆட்டங்கள். ஒரு அணிக்கு 13. ஆசியப் போட்டிகளுக்குத் தகுதி பெற ஒரு கிளப் சீசனுக்குக் குறைந்தது 24 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்பது ஏஎஃப்சி விதி. மீதி 11-ஐ எங்கே ஆடுவது என்பதுதான் அப்போது கிளப்களின் கேள்வி.